நோன்பு வெடியும் நாலு விரலும்

சாயங்கால வண்டியில் கைதியை வேலூருக்குக் கொண்டுபோவதற்கான பாஸை ஏட்டு எழுதி முடித்துவிட்டார். கைதி ஒருவன், காவல் இரண்டு பேர். மை காய்வதற்காக அவர் காகிதத்தை ஊதிக்கொண்டிருந்ததை நிசார் அஹமது பேட்டை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற நாளாக இருந்தால், கஞ்சி ரொம்பச் சூடா ஏட்டய்யா என்று எதையாவது சொல்லி வைத்திருப்பான். துப்பறியும் பரந்தாமனிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து அவன் வாய் ஓய்ந்ததில்லை. சாவு விழுந்த மய்யத்து வீட்டில்கூடச் சிரிக்க வைத்து உதை வாங்கியவன் என்று ஆம்பூரில் அவனுக்குப் பெயர். இன்றைக்கு அந்த வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாஸில் எழுதியிருந்த பெயர் அதாவுல்லா. நிசாருடைய அக்கா அன்வரி பேகத்தின் புருஷன்.

காலையில் அக்கா அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நீ என்னை சிரிக்க வெக்க வேணாம்டா. அவர கூட்டினு வா, போதும்."

வண்டி ஏறிவிட்டால் அதற்கப்புறம் செஷன்ஸ் கோர்ட்டு, அதற்கப்புறம் கயிறு. நடுவில் வேறு ஸ்டேஷன் கிடையாது என்று நிசாருக்குத் தெரியும்.

நடந்த விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். தோல் பதனிடும் ஷாப் முதலாளி இஷ்தியாக் அகமதுவின் வீட்டு முற்றத்தில், ரம்ஜான் மாதம் முழுக்க, நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஒரு வெடி உண்டு. குழல் வாய் வழியாக மருந்தைப் போட்டுக் கெட்டிக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கி அது. அதன் சத்தம் கேட்டால்தான் பாலாற்றங்கரை வரைக்கும் பேரீச்சம்பழம் வாய்க்குப் போகும். வெறும் மருந்தும் தக்கையும்தான், குண்டு கிடையாது. கெட்டிப்பவன் ஷாப் வாட்ச்மேன் அதாவுல்லா.

போன வெள்ளிக்கிழமை முதலாளியின் பேரனுக்கு முதல் நோன்பு. ரோஜா குஷாயி என்று சொல்லி மாலை போட்டுக் கொண்டாடினார்கள். முற்றம் நிறையக் கஞ்சிப் பந்தி. சந்தோஷம் தாங்காத முதலாளி துப்பாக்கியைக் கையில் வாங்கி ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டார். குழல் மேல்பக்கமாகக் கிழிந்தது. மனிதர் விழுந்த இடத்திலேயே போய்விட்டார். பக்கத்தில் நின்ற அதாவுல்லாவுக்கு இடது காது போனது.

வேலூரிலிருந்து வந்த துப்பாக்கி மிஸ்திரி குழலைப் பார்த்துவிட்டு, ஒரு கெட்டிப்பின் மேல் இன்னொரு கெட்டிப்பு ஏறியிருக்கிறது, அடியில் இருந்ததில் ஈய ரவையும் இருந்திருக்கிறது என்று சொன்னார். எதிர்வீட்டு ஓட்டில் ரவை குத்தியிருந்தது. முந்தின நாள்தான் முதலாளி அதாவுல்லாவை நாலு பேர் முன்னால் வைத்து, கிடங்கில் தோல் கம்மியாகிறது, நீ இன்னா காவல் காக்கறே என்று கேட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ராஜவேலுவுக்கு இது போதுமாக இருந்தது. சனிக்கிழமையிலிருந்து அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

பரந்தாமன் லாக்கப் கம்பிக்கு முன்னால் நின்றார். குடியாத்தத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறியில் உட்கார முதுகு ஒத்துக்கொள்ளாமல் வக்கீல் குமாஸ்தாவாகி, அங்கேயும் உட்கார முடியாமல் துப்பறிய வந்தவர். அதனால் எங்கே போனாலும் நின்றுகொண்டேதான் பேசுவார், கையில் ஒரு கிழட்டுக் குடை இருக்கும். ஸ்டேஷன் விளக்குமாற்றை எடுத்து வரச் சொல்லி, காம்புப் பக்கமாகக் கம்பிக்குள் நீட்டினார்.

"இதான் துப்பாக்கி பாய். தெனம் எப்படி கெட்டிப்பீங்களோ, அப்படியே செஞ்சி காட்டுங்க."

"வெளக்கமாறு வெடிக்காது மச்சான், பயப்படாத," என்றான் நிசார். சொன்ன பிறகு அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அதாவுல்லா நல்ல காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு விளக்குமாற்றை வாங்கினான். வாங்கியதும் முதலில் செய்த காரியம், அதன் நுனியை இவர்கள் பக்கத்திலிருந்து சுவரின் மேல்மூலைக்குத் திருப்பியதுதான். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தான். ராத்திரி சுட்டு முடிந்ததும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் குழலைக் கழுவித் துணி விட்டுத் துடைத்து, ஆபீஸ் ரூம் மூலையில் நிறுத்திவிடுவான். மறுநாள் சாயங்காலம் மருந்தைத் தொடுவதற்கு முன்னால், மருந்து கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டுப் பார்ப்பான். கோலில் ஒரு வெட்டு இருக்கிறது. வெட்டு குழல் வாயோடு நின்றால் உள்ளே காலி. நாலு விரல் மேலே நின்றால் கெட்டித்திருக்கிறது என்று அர்த்தம். மருந்தைப் பையிலிருந்து நேராகக் கொட்டமாட்டான், உள்ளே எங்கேயாவது பொறி ஒளிந்திருந்தால் பை கையோடு போய்விடும். கொம்புக் கிண்ணத்தில் அளந்து, முகத்தை விலக்கிக்கொண்டு ஊற்றுவான். தக்கையை வைத்து, உள்ளங்கையை மேலே வைக்காமல் விரலால் பிடித்துக் கோலை இடிப்பான். நாலு விரல் வந்ததும் நிறுத்திக் கோலைக் கட்டைக்கு அடியில் செருகிவிடுவான். பொறி தரும் சின்னச் செப்பு மூடியான கேப்பை மாட்டுவது கடைசியில்தான், அதுவும் முற்றத்தில் இறங்கி, குழலை வானத்துக்குக் காட்டிய பிறகு.

இவ்வளவும் செய்கிறவரை விளக்குமாறு ஒரு தரம்கூட மனிதர் பக்கம் திரும்பவில்லை. விளக்குமாற்றைக்கூட ஆள்மேல் நீட்டாதவனைத்தான் கொலைகாரன் என்று பாஸ் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"வெள்ளிக்கெழம வெட்டு எங்க நின்னுது?" என்றார் பரந்தாமன்.

"குழல் வாயோட. காலின்னு காட்டிச்சு. சத்தியமா."

"கோல் மட்டும்தானா? வேற எதுவும் பாக்க மாட்டீங்களா?"

"மத்த மாசம்னா குழல்ல வாய வெச்சி ஊதுவேன். கேப்ப தட்டற குதிரைக்குக் கீழ ஒரு காது ஓட்டை இருக்குது, அது வழியா காத்து வந்தா காலி. நோன்பு வாயோட எப்படிங்க ஊதறது? எவ்ளோ கழுவினாலும் மருந்துக் கரி உள்ள ஒட்டினிருக்கும், உப்புக் கரிக்கும். நாக்குல பட்டா நோன்பு போச்சி."

மருந்து போடுமுன் வெறும் கேப்பை மாட்டி ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிற வழக்கம் உண்டா என்று பரந்தாமன் கேட்டார். அதுவும் மற்ற மாதங்களில் உண்டு என்றான் அதாவுல்லா. ரம்ஜானில் அதைச் செய்வதில்லை. அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டு நேரமாகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நோன்பைத் திறந்துவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு?

பின்னால் வந்து நின்ற இன்ஸ்பெக்டர் ராஜவேலு, கதை நன்றாக இருக்கிறது, செஷன்ஸில் சொன்னால் ஜட்ஜுக்கும் பொழுது போகும் என்றார்.

"மூணு காவல் இருந்திருக்குது சார். அதுல ரெண்டு ரம்ஜான் மாசம் லீவு. மிச்சம் கோல் ஒண்ணுதான்," என்றார் பரந்தாமன். "அந்தக் கோல ஒரு தரம் பாக்கலாமா?"

வண்டி வருகிற வரைக்கும் எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இன்ஸ்பெக்டர் பெருந்தன்மையாகச் சொன்னார். சாக்குப்பையை அவிழ்த்துத் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார்கள். அன்று ராத்திரியே சீல் வைத்து, மிஸ்திரி குழலை மட்டும் பார்த்தபின் மறுபடி சீல் வைத்த பை. குழல் மேல்பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது, ஆனால் கீழே மரக்கட்டைக்குப் பித்தளைப் பட்டை போட்டிருந்ததால் கட்டை பிழைத்திருந்தது. கோல் தனியாக இருந்தது. வெடித்த வேகத்தில் எங்கேயோ பறந்து, மறுநாள் காலையில்தான் கிடைத்ததாம்.

இன்ஸ்பெக்டரே கோலை எடுத்துக் குழலின் பக்கத்தில் படுக்க வைத்துக் காட்டினார். கோலின் அடி குழலின் அடிக்கு நேராக இருந்தபோது, வெட்டு குழல் வாய்க்கு நேராக இருந்தது. ஒரு நூல்கூடப் பிசகவில்லை. உள்ளே ஏற்கெனவே ஒரு கெட்டிப்பு இருந்திருந்தால் வெட்டு நாலு விரல் மேலே நின்றே ஆக வேண்டும். ஒன்று அவனுக்குக் கண் தெரியவில்லை, இல்லாவிட்டால் தெரிந்தே போட்டிருக்கிறான். இன்ஸ்பெக்டர் கைகளைத் தட்டிக்கொண்டார்.

நிசாருக்கு அந்தக் கோலை முறித்துப் போடலாம் போல இருந்தது. மச்சான் பொய் சொல்கிறவன் இல்லை. கோலும் பொய் சொல்லவில்லை. கோல் பொய் சொன்னால்தான் அக்காவுக்கு வாழ்வு என்றால் என்ன செய்வது?

பரந்தாமன் கோலைக் கையில் எடுத்தார். "சரி, இதுக்குன்னு ஒரு வீடு இருக்குதே, அதுல வெச்சிப் பாக்கலாம்," என்று சொல்லி, குழலுக்கு அடியில் கட்டைக்குள் ஓடும் ஓட்டையில் செருகினார். கோல் வழுக்கிக்கொண்டு போய், டக்கென்று நின்றது. அழுத்தினார். அதற்கு மேல் அசையவில்லை. குழல் வாயோடு சமமாக நிற்க வேண்டிய கோலின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ நீட்டுது பாரு நிசாரு."

நிசார் விரலை வைத்துப் பார்த்தான். சரியாக நாலு விரல்.

மரம் எங்கேயாவது விரிசல் விட்டிருக்கும் என்றார் இன்ஸ்பெக்டர். பரந்தாமன் தன் குடையிலிருந்து ஒரு கம்பியை முறித்தார். நுனியை வளைத்து ஓட்டைக்குள் விட்டுத் துழாவி இழுத்தார். இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம், சுருட்டி இறுக்கி அடைத்த ஒரு தோல் துண்டு வெளியே வந்து மேஜைமேல் விழுந்தது. அதற்குப் பிறகு கோலைச் செருகினால் தலை குழல் வாயோடு ஒழுங்காகப் போய் நின்றது.

"கோலும் பொய் சொல்லல, பாயும் பொய் சொல்லல," என்றார் பரந்தாமன். "வெள்ளிக்கெழம துப்பாக்கில இருந்தது இந்தக் கோல் இல்ல. இதே மாதிரி இன்னொண்ணு, அடியில நாலு விரல் கொறைச்சி வெட்டுன கட்டைக் கோல். ஒருத்தன் மொதல்ல குழலுக்குள்ள மருந்தும் ஈயமும் நாலு விரல் உசரத்துக்குக் கெட்டிச்சிட்டான். கட்டைக் கோல உள்ள விட்டா அது மேல உக்காரும், வெட்டு வாயோட நிக்கும், காலின்னு காட்டும். கட்டைக் கோல் வீட்டுக்குள்ள ஆழமா போய்ட்டா வாட்ச்மேன் கண்டுபுடிச்சிடுவான். அதனால அடியில தோல அடைச்சி, தலை எப்பவும் போல நிக்கற மாதிரி பண்ணான். வெடிச்சப்புறம் கட்டைக் கோல எடுத்துனு போய் நல்ல கோல கொண்டாந்து குடுத்தான். அடைச்ச தோல எடுக்க அவனுக்கு நேரம் இல்ல. துப்பாக்கிக்கு சீல் வெச்சிட்டீங்க."

நிசார் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டான். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவன் விட்ட முதல் முழு மூச்சு அது.

இன்ஸ்பெக்டர் தோல் துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. "ஆவாரம்பட்டைல பதப்படுத்துன ஆட்டுத் தோல். இந்த ஊர்ல இது இல்லாத வீடு எது? உங்க கட்டைக் கோல் எங்க? காட்டுங்க. இல்லாட்டி இதையும் அந்த வாட்ச்மேனே அடைச்சான்னு நான் சொல்லுவேன். துப்பாக்கி அவன் கையிலதான் இருந்தது."

நிசாரின் மூச்சு மறுபடி பாதியில் நின்றது. வாசலில் ஜட்கா வந்து நின்றுவிட்டது. ரயில் ஸ்டேஷனுக்குக் கைதியைக் கொண்டுபோகிற ஜட்கா.

நல்ல கோலைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று பரந்தாமன் கேட்டார். ஏட்டு சொன்னார். கலீமுல்லா மேஸ்திரி, ஓட்டின் மேல் கிடந்ததாகச் சொல்லிக் கொண்டுவந்தாராம்.

அவரைச் சந்தேகப்பட நிசாருக்கே மனம் வரவில்லை. ஷாப்பில் முதலாளிக்கு வலது கையாக இருந்தவர் கலீமுல்லா. வெடித்த அன்றைக்கு முதலில் ஓடி வந்து முதலாளியைத் தோளில் தூக்கியவரும் அவர்தான். மண் போட்டபோது அவர் அழுத அழுகையைப் பிள்ளைகள்கூட அழவில்லை. அன்வரி பேகத்தின் வீட்டுக்கு ஊரே போக மறுத்தபோது தினமும் கஞ்சி அனுப்பிக்கொண்டிருந்தவர். தவிர, முதலாளி போனதில் அவருக்கு நஷ்டம்தான். புது முதலாளிகளாகிய மகன்கள் நாளைக்கே வேறு மேஸ்திரியைப் பார்த்துக்கொள்வார்கள். முதலாளியைக் கொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை என்றார் இன்ஸ்பெக்டர். பரந்தாமனும் மறுக்கவில்லை. குடையில் முறிந்த இடத்தைத் தடவிக்கொண்டு சும்மா நின்றார். அவர் சும்மா நின்றால் வழி அடைபட்டுவிட்டது என்று நிசாருக்குத் தெரியும்.

அவன் லாக்கப்புக்கு ஓடினான். அதாவுல்லா கிளம்பத் தயாராகத் தொப்பியைச் சரி செய்துகொண்டிருந்தான்.

"அன்வரிய பாத்துக்கோடா," என்றான்.

"அத நீயே வந்து பாரு," என்று நிசார் அவன் நல்ல காதில் கத்தினான். அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் அவன் முயலவில்லை. "யோசிச்சி சொல்லு மச்சான். மொதலாளி மேல யாருக்கு கோவம்? அவர் சுடப்போறார்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுடா. அவருக்கே தெரியாது. பேரன் மூஞ்சிய பாத்தாரு, குடுடான்னு என் கைல இருந்து வாங்கினாரு. இல்லாட்டி தெனம் நான்தான சுடறது."

நிசார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினான். அப்புறம் திரும்பி ஓடினான்.

"சார்," என்றான் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "இத்தினி நாளா நாம தப்பான மய்யத்த தூக்கினு திரியறோம். இது மொதலாளிக்கு வெச்சதே இல்ல. என் மச்சானுக்கு வெச்சது."

பரந்தாமன் அவனையே பார்த்தார், பிறகு வேகமாக லாக்கப்புக்கு நடந்தார். இந்த ஊரில் உங்கள்மேல் கோபம் உள்ளவர் யார் என்று அதாவுல்லாவைக் கேட்டார்.

"கோவம்னு இல்லீங்க. ஒருத்தர் தப்பு பண்றத நான் பாத்துட்டேன். பெருநாள் பிறை தெரியற வரைக்கும் டயம் குடுத்தேன். அதுக்குள்ள அவரே மொதலாளிகிட்ட ஒப்புத்துக்கணும், இல்லாட்டி நான் சொல்லிடுவேன்னேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு அல்லா மேல வாக்கு குடுத்துட்டேன். நோன்பு மாசத்துல ஒருத்தர் மானத்த வாங்கக் கூடாதுங்க."

"பேரு?"

அதாவுல்லா தலையை ஆட்டினான். நிசார் கம்பியைப் பிடித்துக் குலுக்கினான், தெரிந்த வசவையெல்லாம் தமிழிலும் உருதிலும் கொட்டினான். தூக்கில் தொங்கிக்கொண்டா வாக்கைக் காப்பாற்றப் போகிறாய் என்று கேட்டான். அவனைக் கொல்லப் பார்த்ததே அந்த ஆள்தான் என்று சொல்லியும் பார்த்தான். பார்க்காததை நான் எப்படிச் சொல்வேன் என்றான் அதாவுல்லா. அந்தப் பிடிவாதத்தின் முன் நிசாருக்கு வெறி பிடித்துவிடும் போலிருந்தது. முதலாளி திட்டியபோது மச்சான் ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றான் என்பதும் இப்போது அவனுக்குப் புரிந்தது. கிடங்கில் தோல் குறைவது எப்படி என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் பேசாமல் திட்டு வாங்கினான்.

பரந்தாமன் இன்ஸ்பெக்டரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார். ராஜவேலு முதலில் மறுத்தார், பிறகு ஜட்காவைப் பார்த்தார், பிறகு மேஸ்திரியைக் கூட்டிவர ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார். பரந்தாமன் தோல் துண்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். துப்பாக்கியையும் கோலையும் தனித்தனியாக மேஜைமேல் வைத்து, எல்லாரையும் இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார்.

கலீமுல்லா மேஸ்திரி வரும்போதே கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு வந்தார். உள்ளே வந்ததும் நிசாரின் தோளைத் தட்டி, பொறுமையாக இருப்பா என்றார். நிசாருக்கு அந்தக் கையைத் தட்டிவிடலாமா, அதைப் பிடித்துக்கொண்டு அழலாமா என்று தெரியவில்லை.

பரந்தாமன் பணிவாகப் பேசினார். சாமான்கள் எல்லாம் இந்த வண்டியிலேயே வேலூருக்குப் போக வேண்டும், கோலைக் கண்டெடுத்தவர் மேஸ்திரி, அதனால் துப்பாக்கியில் அது எப்படி இருக்குமோ அப்படியே வைத்துக் கொடுத்தால் போதும், வீட்டுக்குப் போகலாம் என்றார்.

கலீமுல்லா துப்பாக்கியைப் பார்த்தார். கோலைப் பார்த்தார். எடுத்து, கட்டைக்கு அடியிலிருந்த ஓட்டையில் நுனியை வைத்துச் செருகினார். கோல் உள்ளே போயிற்று. பாதிக்கு மேல் போனதும் அவர் கை மெதுவாயிற்று. கடைசியில் கை நின்றது. கோலின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அளந்து பார்க்க நிசாருக்கு விரல் தேவைப்படவில்லை.

"இதுக்கு மேல போவாதுங்க," என்றார் மேஸ்திரி. "கட்டை ஒடைஞ்சிருக்குது உள்ள."

"லேசா அழுத்திப் பாருங்களேன்."

"போவாதுங்க. அழுத்தினா மரம் ரெண்டாய்டும்."

பரந்தாமன் ஒற்றை விரலைக் கோலின் தலையில் வைத்தார். கோல் வழுக்கிக்கொண்டு அடிவரை போய், குழல் வாயோடு சமமாக நின்றது. அவர் சட்டைப்பையிலிருந்து தோல் துண்டை எடுத்துத் துப்பாக்கியின் பக்கத்தில் வைத்தார்.

"அடைப்ப நான் முன்னாடியே எடுத்துட்டேன் மேஸ்திரி. ஓட்டை காலி. துப்பாக்கி அன்னிக்கு ராத்திரியில இருந்து சீல் போட்ட பையில இருந்தது, கோல நீங்க மறுநாள்தான் கொண்டாந்தீங்க. ரெண்டையும் சேத்து வெச்சிப் பாத்தது இன்னிக்கு இந்த ரூம்ல இருக்கற நாங்க மட்டும்தான். போவாதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

கலீமுல்லா கைக்குட்டையைத் தேடினார். அது கையிலேயே இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நான் மொதலாளிக்கு வெக்கல," என்றார்.

இன்ஸ்பெக்டர் ஏட்டுக்குச் சைகை காட்டினார். ஏட்டு பேனாவை எடுத்தார். பின்கட்டுக் கதவு வழியாகத் தோல் கட்டுகளை வெளியே அனுப்பியது, அதாவுல்லா பார்த்தது, பெருநாள்வரை கெடு கொடுத்தது, எல்லாவற்றையும் கலீமுல்லா யாரும் கேட்காமலே சொன்னார். அதாவுல்லா வாக்குத் தவறமாட்டான் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கெடுவுக்குள் காரியத்தை முடிக்கப் பார்த்தார். ரம்ஜானில் அவன் குழலில் வாய் வைக்கமாட்டான் என்பதும் தெரியும். கட்டைக் கோல் ஷாப்பில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் கிடக்கிறது. சொல்லி முடித்தும் அவர் வாய் ஓயவில்லை. முதலாளி அன்றைக்கு ஏன் துப்பாக்கியைக் கையில் வாங்கினார் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டு கான்ஸ்டபிள்கள் சுண்ணாம்புக் குழிக்குப் போய், வெந்து வெளுத்த ஒரு கோலோடு திரும்பினார்கள். இன்ஸ்பெக்டர் அதையும் அளந்தார். சரியாக நாலு விரல் குட்டை. ஏட்டு பாஸை எடுத்து வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முழித்தார்.

"ஆள் கணக்கு சரியாத்தான் இருக்குது ஏட்டய்யா," என்றான் நிசார். "பேர மட்டும் மாத்துங்க." குரல் உடைந்துதான் வந்தது, ஆனாலும் அது அவன் குரல்தான்.

முறைப்படியான உத்தரவு நாளைக்கு மாஜிஸ்திரேட்டிடம் வாங்கிக்கொள்ளலாம், இன்றைக்கு நிசாரின் பொறுப்பில் வீட்டுக்குப் போகட்டும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அவர்கள் வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். இந்த வருஷம் இனி வெடி கிடையாது, பாங்கு மட்டும்தான். பரந்தாமன் எங்கிருந்தோ ஒரு குவளைத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார். அதாவுல்லா நோன்பைத் திறந்தான், பாதி குடித்துவிட்டு மீதியை நிசாரிடம் நீட்டினான்.

கலீமுல்லாவை ஜட்காவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதாவுல்லா அந்தப் பக்கம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நிசார் அவனுடைய நல்ல காதுப் பக்கமாகப் போனான்.

"எல்லாம் தெரிஞ்சி போச்சி. இப்பவாவது உன் வாயால சொல்லு மச்சான். பின்கட்டு கதவுகிட்ட நீ பாத்தது யார?"

அதாவுல்லா வானத்தைப் பார்த்தான். பனிக்காலத்து வானம், வெறுமையாக இருந்தது.

"பிறை தெரியட்டும்டா," என்றான்.

நிசார் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டை நோக்கி நடந்தான்.